கர்ப்பகாலத் தடுப்பூசி: ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதும் மற்ற தவறுகளும்

என் தங்கை ஏழாம் மாதம் நடக்கும்போது டாக்டர் ஒரு சீட்டில் இரண்டு தடுப்பூசிகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். “வேண்டாம்னு சொல்லலக்கா, கொஞ்சம் யோசிச்சுக்கிறேன்” என்றாள். யோசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் அடுத்தமுறை அந்தச் சீட்டு என் கண்ணில் பட்டபோது 36 வாரம் முடிந்திருந்தது. மடிப்பில் மை அழிந்து ஒரு ஊசியின் பெயரைப் படிக்கவே முடியவில்லை. போடலாம் என்றும் அவள் தீர்மானிக்கவில்லை, வேண்டாம் என்றும் தீர்மானிக்கவில்லை. நாள் ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

நான் பார்த்தவரை கர்ப்பிணிகள் செய்யும் பெரிய தவறு இதுதான். ஊசி வேண்டாம் என்று தெளிவாக மறுப்பவர்கள் குறைவு. முடிவைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். ஊசி போடாமல் இருந்தால் எந்த ஆபத்தும் இல்லை, போட்டால்தான் ஏதாவது வரலாம் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அது ஏன் சரியில்லை என்பதைக் கக்குவான் இருமல் ஊசியை வைத்துப் பார்த்தால் புரியும்.

இந்த ஊசியை அம்மாவின் கையில் போட்டாலும் அது முக்கியமாகப் பிள்ளைக்கானது. ஊசி போட்டபின் அம்மாவின் உடம்பில் நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உருவாகி உச்சத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அப்புறம் அவை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் ரத்தத்துக்குப் போக வேண்டும். அந்தப் போக்குவரத்து மெதுவாகத் தொடங்கிக் கடைசி மூன்று மாதங்களில்தான் வேகமெடுக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 27 முதல் 36 வாரத்துக்குள், முடிந்தால் அதன் தொடக்கத்திலேயே போடச் சொல்கிறார்கள். பிரிட்டனில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளையும் மனத்தில் வைத்து 2016 முதல் 16 வாரத்திலிருந்தே அனுமதிக்கிறார்கள்.

பிறந்த குழந்தைக்குச் சொந்தமாகக் கக்குவான் ஊசி தொடங்குவது ஆறு வாரத்திலோ இரண்டு மாதத்திலோதான். அதுவரை அம்மா கொடுத்தனுப்பியது மட்டுமே கையிருப்பு. இங்கிலாந்தில் 2012இல் இந்த நோய் பரவியபோது 14 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய 90 சதவீதப் பாதுகாப்பு தந்தது தெரியவந்தது.

பச்சிளங்குழந்தைக்குக் கக்குவான் வந்தால், நாம் கேள்விப்பட்டிருக்கும் அந்த இழுப்புச் சத்தமே வராமல் போகலாம். பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று நிறுத்தும். முகம் சிவக்கும், உதடு நீலம் பாரிக்கும், சில நொடிகள் மூச்சே இருக்காது. இருமலே இல்லாமலும் போகலாம் என்பதால் கக்குவான் என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, தெரியாமலே நாளைக் கடத்துவது வேறு.

நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடுவதும் தவறுதான். என் தங்கை 37 வாரத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்குப் போய்ச் சேரும் ஆன்டிபாடி குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் அம்மாவுக்கே நோய் வந்து அவளிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டும் ஆபத்தாவது குறையும் என்று டாக்டர் சொன்னார்.

“போன பிரசவத்துக்கே போட்டாச்சே”

இதில் இரண்டு குழப்பங்கள் சேர்ந்து கிடக்கின்றன. முதலாவது, கக்குவானுக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி சீக்கிரம் குறைந்துவிடும். முதல் பிள்ளைக்குப் போட்டது இரண்டாவது பிள்ளைக்குப் போதாது. அதனால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போடச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, பெயர்க் குழப்பம். டிடி ஊசி என்று பலரும் சொல்வது டெட்டனஸுக்கு மட்டுமானது. டிடி என்ற அதே உச்சரிப்பில் டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஊசியும் உண்டு. கக்குவானையும் சேர்த்துத் தடுப்பது டிடாப். “எனக்கு டிடி போட்டாச்சு” என்று சொல்லிவிட்டுக் கக்குவானுக்கும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊசி போட்டார்கள் என்பதை அட்டையில் எழுதி வாங்குங்கள். டெட்டனஸ் ஊசியின் கணக்கு இதிலிருந்து வேறுபட்டது. முன்பு எத்தனை தவணை, எப்போது போட்டீர்கள் என்பதைப் பொறுத்து இப்போது எத்தனை தேவை என்று சொல்வார்கள். பழைய அட்டை அதற்குத்தான் வேண்டும்.

டெட்டனஸ் ஊசியைப் பழங்காலத்துச் சடங்கு போல நினைப்பவர்களும் உண்டு. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை அறுப்பதால் வரும் டெட்டனஸில், 1988இல் மட்டும் உலகம் முழுக்க 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2018இல் அது ஏறக்குறைய 25,000. இவ்வளவு குறைந்ததற்கு அம்மாக்களுக்குப் போட்ட ஊசியும் சுத்தமான பிரசவமும்தான் முக்கியக் காரணம்.

“தாய்ப்பால் கொடுக்கப்போறேன், அது போதாதா?”

தாய்ப்பால் நல்லதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பாலில் பெரும்பாலும் இருக்கும் ஆன்டிபாடிகள் குழந்தையின் வாய், தொண்டை, குடல் ஆகியவற்றில் தங்கிக் காவல் காக்கின்றன. நஞ்சுக்கொடி வழியாகப் போனவையோ ரத்தத்திலேயே இருப்பவை. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று முழுதாகச் செய்யாது.

ஃப்ளூ ஊசியை “சாதாரண சளிக்காய்ச்சலுக்கு எதுக்கு ஊசி” என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. வயிறு வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. அந்த நேரத்தில் வரும் இன்ஃப்ளூயன்சா வேறு ஆட்டம் ஆடும். 2009 பன்றிக்காய்ச்சலின்போது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் ஏறக்குறைய 1 சதவீதம்தான். இறந்தவர்களில் அவர்கள் 5 சதவீதம். இந்த ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால் அதற்கும் இதுதான் துணை.

எல்லா ஊசியையும் ஒரே தட்டில் வைப்பது

இங்கேதான் பயம் இரண்டு பக்கமும் தவறாகப் போகிறது. கர்ப்பத்தில் போடக்கூடாத ஊசிகள் உண்மையிலேயே இருக்கின்றன. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர், சின்னம்மை ஊசி, மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து ஆகியவை வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியால் ஆனவை. எம்எம்ஆரையும் சின்னம்மை ஊசியையும் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொண்டு ஒரு மாதமாவது இடைவெளி விட வேண்டும். தவறவிட்டால் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் தடையில்லை.

ரூபெல்லாவை அலட்சியம் செய்ய வேண்டாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் பலரின் அம்மாக்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னார். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இந்த நோய் வந்தால் அது பிள்ளைக்குத் தொற்ற 90 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. ஆக, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே ஊசி அட்டையைத் தூசி தட்டி எடுத்துவிடுங்கள்.

கர்ப்பம் என்று தெரியாமல் எம்எம்ஆர் போட்டுவிட்டால்? இந்தக் கேள்வியோடு இரவெல்லாம் அழுத பெண்களை எனக்குத் தெரியும். அப்படிப் போட்டுக்கொண்ட பல பெண்களை மருத்துவர்கள் பிரசவம் வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஊசியால் ரூபெல்லா ஊனத்தோடு பிறந்த குழந்தை என்று ஒன்றுகூட உறுதியாகவில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள். கருவைக் கலைக்க இது காரணமே இல்லை.

மறுபக்கத்துத் தவறு இதைவிட ஆபத்தானது. கர்ப்பிணியை நாய் கடித்துவிடுகிறது, “வயித்துப்பிள்ளைக்கு ஆகாது” என்று வீட்டில் ஊசி வேண்டாம் என்கிறார்கள். ரேபிஸ் அறிகுறி வந்தபின் பிழைப்பது அநேகமாக நடக்காத காரியம். வெறிநாய்க்கடி ஊசிக்குக் கர்ப்பம் தடையே இல்லை. காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே ஓடுங்கள்.

அப்புறம், “அவளுக்கு ஊசி போட்ட மறுவாரம் கலைஞ்சிடுச்சாம்” என்ற பேச்சு. அந்தப் பெண்ணின் வேதனை உண்மை, அவளிடம் போய் யாரும் கணக்குப் பேச வேண்டாம். ஆனால் நமக்கு நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். உறுதியான கர்ப்பங்களில் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் தானாகவே கலைகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அந்த மாதங்களில் ஆயிரம் பேருக்கு என்ன ஊசி போட்டாலும், போடாவிட்டாலும், சிலருக்கு அடுத்த வாரமே அந்தத் துயரம் நேரும். போட்டவர்களிடம் அது கூடுதலாக நடக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃப்ளூ ஊசியிலும் டிடாப்பிலும் அப்படிக் கூடுவதாக ஆய்வுகளில் உறுதிப்படவில்லை.

சந்தேகம் வந்தால் மூடி மறைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் ஆர்எஸ்வி ஊசியின் கதையைக் கேளுங்கள். பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸுக்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசி 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பெரிய சோதனையில் குறைமாதப் பிரசவம் ஊசி போட்டவர்களில் 5.7 சதவீதம், போடாதவர்களில் 4.7 சதவீதம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான் அது. ஆனாலும் எச்சரிக்கையாக 32 முதல் 36 வாரம் என்று காலத்தைச் சுருக்கினார்கள். பிரிட்டனில் 28 வாரத்திலிருந்து கொடுக்கிறார்கள். இதற்கு மாற்றுவழியும் உண்டு: பிறந்தபின் குழந்தைக்கே நேராக ஆன்டிபாடி ஊசி போடலாம். பெரும்பாலும் இரண்டில் ஒன்று போதும். நீங்கள் இருக்கும் இடத்தில் எது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

சின்னத் தவறுகள் இரண்டு. லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத்திணறல், முகவீக்கம் போன்ற கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லுங்கள். ஊசிக்குப்பின் காய்ச்சல் வந்தால் மாத்திரைக்குப் பயந்து பொறுத்துக்கொண்டு கிடக்கவும் வேண்டாம். பாராசிட்டமால் போடலாமா, எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளைத் தானாக எடுக்கக்கூடாது.

டாக்டரிடம் “ஊசி நல்லதா?” என்று கேட்டால் “நல்லதுதான்” என்ற பதிலோடு வெளியே வருவீர்கள், சந்தேகம் அப்படியே இருக்கும். என் தங்கை இரண்டாவது முறை உண்டானபோது முதல் பரிசோதனைக்கே ஒரு நோட்டோடு போனாள். எனக்கு எந்தெந்த ஊசி, அது எனக்கா பிள்ளைக்கா, எத்தனையாவது வாரத்தில், போடாவிட்டால் என்ன நடக்கலாம், போட்டபின் என்ன வந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும். ஐந்து கேள்விக்கும் பதிலை அங்கேயே எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியைப் புரட்டி 28ஆம் வாரத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள்.