அப்சிடியன் கருவியின் பிறப்பிடத்தைக் கண்டறியும் முறை

பழங்காலக் கல் கருவிகளின் பிறப்பிடத்தைத் தேடுவோருக்கு, அப்சிடியன் எனப்படும் எரிமலைக் கண்ணாடியைப் போல இணங்கிவரும் பொருள் வேறில்லை. எல்லா அப்சிடியனிலும் சிலிக்காவே பெரும்பங்கு என்பதால் அதை அளந்து பயனில்லை. பத்து லட்சத்தில் சில பத்து அல்லது சில நூறு பங்காக இருக்கும் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம், நியோபியம் ஆகிய தனிமங்கள்தாம் ஓர் எரிமலையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். மத்தியதரைக் கடல் பகுதிக் கருவிகளை 1964இல் ஆய்வாளர்கள் கேனும் ரென்ஃப்ரூவும் வகைப்படுத்தியது இந்த அடிப்படையில்தான்.

முதலில் ஒப்பீட்டு மாதிரிகளைச் சேர்க்க வேண்டும். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடல் பகுதியில் கிடைத்த கருவியென்றால், மிலோஸ் தீவின் அடாமாஸ், டெமெனெகாகி என்னும் இரு பாறை வெளிப்பாடுகளிலும், கியாலி தீவிலும், துருக்கியின் கொல்லு மலையிலும், ஒவ்வோர் இடத்திலும் பல புள்ளிகளிலிருந்து கல் எடுக்க வேண்டும். மாதிரித் தொகுப்பில் இல்லாத எரிமலையை எந்த அளவீட்டுக் கருவியாலும் கண்டுபிடிக்க இயலாது.

கண்ணால் பார்ப்பதும் உதவும். கியாலிக் கல்லில் வெண்புள்ளிகள் தெரியும். ஆனால் கறுப்புக் கற்களை நிறத்தை மட்டும் நம்பிப் பிரிப்பது வீண்வேலை.

அடுத்து, கையடக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் (எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் திருப்பி வெளிவிடும் தனித்த எக்ஸ்ரேயை அளப்பது) அளக்கலாம். இதனால் பொருளுக்குச் சேதமில்லை. ஒட்டிய மண்ணையும், அருங்காட்சியக எண் எழுதிய மையையும் தவிர்த்து, தட்டையான, தடித்த பகுதியை அளவீட்டுக் கருவியின் முகப்பில் வைக்கவும். மெல்லிய கத்தி அலகுகளில் எக்ஸ்ரே ஊடுருவி வெளியேறிவிடுவதால் சிர்கோனியம் போன்றவற்றின் அளவு குறைவாகக் காட்டும். அத்தகைய துண்டுகளுக்குத் தனிமங்களின் விகிதங்களை ஒப்பிடுவதே பாதுகாப்பானது. தனிமங்களின் அளவு தெரிந்த தரக்கல் ஒன்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தால், அளவீட்டுக் கருவி இடையில் பிசகியிருந்தால் தெரிந்துவிடும்.

பின்னர் ஸ்ட்ரான்சியத்தையும் சிர்கோனியத்தையும் இரு அச்சுகளாகக் கொண்டு வரைபடம் இட்டு, கல் கருவியின் புள்ளி எந்த இடத்து மாதிரிகளின் திரளில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லா மூலங்களும் இவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை. கிழக்குத் துருக்கியின் நெம்ருத் மலைக் கல்லும் பிங்கோல் பகுதியின் ஒரு வகையும் நெருங்கிய வேதிக்கூறு கொண்டவை என்பதால், அங்கே அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிவிடக் கூடாது.

கிரேக்க நிலப்பகுதியிலுள்ள பிராங்தி குகையில், வேளாண்மைக்கு முந்தைய அடுக்குகளிலேயே மிலோஸ் கல் கிடைத்திருப்பதால், மனிதர் அப்போதே கடல் கடந்தனர் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் கல்லை யார் கொண்டுவந்தார்கள் என்பதை வேதியியல் சொல்லாது. அதற்கு அகழ்விடத்துச் சில்லுகளைப் பார்க்க வேண்டும்: மூலக்கல்லின் மேற்தோலுடன் கூடிய சில்லுகளும், அலகுகளை உடைத்தெடுத்தபின் எஞ்சும் கருக்கற்களும் இருந்தால் அங்கேயே கல்லைச் செதுக்கினார்கள், கத்தி அலகுகள் மட்டுமே இருந்தால், வேறிடத்தில் செய்யப்பட்டு வந்திருக்க வாய்ப்பு அதிகம்.