உப்புக்காற்று ஏறிய ஏணி: திருகோணமலையில் பாவித்த ஏணி, ஸ்டூல் வாங்கும்போது விடும் பிழைகள்

திருக்கடலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஆறடி அலுமினிய ஏணி விற்கக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் நின்றால் கடல் தெரிகிற வீடு. ஏணி பளபளவென்று இருந்தது. "புதுசு மாதிரித்தான் தம்பி, ரெண்டு தரம் ஏறியிருப்பன்" என்றார் அந்த வீட்டு ஐயா. கடை விலையில் பாதிகூட இல்லை. ஓட்டோவில் குறுக்காகச் செருகி, வெளியே நீட்டிய காலில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் ஃபேன் துடைக்க ஏறியபோது மூன்றாவது படியின் இடப்பக்கம் அரை அங்குலம் சரிந்தது. நல்ல காலம், விழவில்லை. பக்கத்தில் நின்ற அலுமாரியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். திருப்பிப் போட்டுப் பார்த்தால் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஓட்டை வட்டமாக இல்லை, புளியங்கொட்டை மாதிரி நீண்டிருந்தது. ஐயா பொய் சொல்லவில்லை. அவர் இரண்டு தரம்தான் ஏறியிருப்பார், மிச்ச வருடம் முழுக்க அதில் ஏறியது உப்புக்காற்று.

அலுமினியம் கறள் பிடிக்காது என்பதால் பார்க்க ஒன்றுமில்லை என்று நம்புவதுதான் எங்கள் ஊரில் நடக்கும் முதல் பிழை. அலுமினியத்தின் மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை தானாகவே படிந்து உள்ளே இருப்பதைக் காப்பது உண்மைதான். ஆனால் பல ஏணிகளில் ரிவெட்டும் பூட்டு ஆணியும் இரு பக்கக் கால்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பியும் இரும்பு. இரண்டு உலோகங்கள் உப்பு ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னப் பற்றரி வேலை செய்யத் தொடங்கும். அதில் கரைவது இரும்பல்ல, அலுமினியம். அதனால் பக்கச்சட்டம் மினுங்கிக்கொண்டே இருக்க, மூட்டுகள் மட்டும் உள்ளுக்குள் உளுத்துப்போகும்.

வாங்கப் போனால் ஏணியை நிறுத்திப் பார்க்காதீர்கள், தரையில் கிடத்துங்கள். ஒவ்வொரு படியையும் இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். "டிக்" என்று சின்னச் சத்தம் வந்தாலும் அந்த ரிவெட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ரிவெட்டின் தலையைச் சுற்றி நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி வருகிறதா பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓடாவி பலகையின் நேர் பார்ப்பதுபோல, பக்கச்சட்டத்தின் நீளத்துக்குப் பாருங்கள். வளைவு தெரிந்தால் விடுங்கள். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தியதுபோலத் தெரிந்தாலும் விடுங்கள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த அலுமினியம் அந்த இடத்தில்தான் அடுத்த தரம் மடியும். வெல்டிங் போட்ட ஏணியும் அப்படியே. ஒட்டு உறுதியாக இருக்கும், சூடு பட்ட அக்கம்பக்கம் இளகிப் பலம் குறைந்திருக்கும். கடைசியாக நிறுத்தி, முதல் படியில் மட்டும் ஏறி இரண்டு தரம் உன்னிப் பாருங்கள். "மேல வரைக்கும் ஏறிப் பாருங்கோ" என்று விற்பவர் சொன்னாலும் ஏற வேண்டாம். சோதனையில் விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான்.

என் கணக்கில், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலோர வீட்டில் பத்து வருடம் கிடந்த ஏணி, உப்புவெளிக் கடற்கரையில் மூன்று வருடம் வெளியே நின்றதைவிட நம்பத்தக்கது. எங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் வயதைவிட முக்கியம். கேட்க ஒருவரும் கூச்சப்படத் தேவையில்லை.

அடுத்தது உயரம். பெரிதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் உதவும் என்று பத்தடி ஏணியை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது அறைக்குள் திரும்பாது, வாசலில் இடிக்கும், கடைசியில் மதிலோரம் மழையில் நிற்கும். போகும் முன் வீட்டில் அளந்துவிடுங்கள். விரித்து நிற்கும் ஏணியில் மேல் இரண்டு தட்டுகளிலும் நிற்கக் கூடாது. ஆகவே ஆறடி ஏணியில் கால் நிற்பது ஏறக்குறைய நாலடியில். ஐந்தடி நாலங்குலம் உயரமான ஒருவர் அங்கே நின்று கையை உயர்த்தினால் பத்தடியைத் தாண்டிவிடும். சாதாரண சீலிங் போட்ட வீட்டில் பல்ப் மாற்றவும் ஃபேன் துடைக்கவும் அது தாராளம். குசினியின் மேல் தட்டுக்கு என்றால் ஏணியே வேண்டாம், இரண்டு படி ஸ்டூல் ஒன்று போதும்.

கூரைக்குச் சாத்தும் ஏணிக்குக் கணக்கு வேறு. நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடி தள்ளி நிற்க வேண்டும், மேல்முனை கூரை விளிம்புக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும். அந்த மூன்றடிதான் ஏணியிலிருந்து ஓட்டுக்குக் கால் மாற்றும்போது கைப்பிடி. விளிம்பு ஒன்பதடியில் இருந்தால் பதின்மூன்றடி ஏணி தேவை. பத்தடியை வாங்கிவிட்டு மேசையின் மேல் ஏற்றி வைத்துச் சமாளித்தவர் என் சொந்தத்திலேயே இருக்கிறார். மாரி தொடங்குமுன் பீலியில் அடைந்த சருகை எடுக்க ஏறி, மேசையோடு வந்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் பீலி துப்புரவாக்குவது மகன்தான்.

மர ஏணிக்கு வருவோம். முதிரையிலோ பாலையிலோ செய்த பழைய ஏணி கிடைத்தால் அது அதிர்ஷ்டம், பாரம்தான் கொஞ்சம் கூட. ஆனால் புதிதாகப் பெயின்ட் அடித்த மர ஏணியை நான் தொடுவதில்லை. பெயின்ட் அழகுக்கு அடிக்கப்பட்டிருக்கலாம். வெடிப்பையும் கறையான் வழியையும் மூடுவதற்கும் அதே பெயின்ட்தான். மரம் தெரிகிற வார்னிஷோ எண்ணெயோ பூசியிருந்தால் சரி. படி பக்கச்சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் உளுத்துவிட்டது. மூங்கில் ஏணியில் ஆணி அடித்திருந்தால் அந்த ஆணியிலிருந்து நீளத்துக்கு ஒரு கோடு ஓடுகிறதா பாருங்கள். கயிறு கட்டியதில் கயிற்றை மாற்றிக்கொள்ளலாம், பிளந்த மூங்கிலை ஒன்றும் செய்ய முடியாது.

கால் ரப்பரை யாரும் பார்ப்பதே இல்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் டைல்ஸ் தரை. வெறும் அலுமினியக் கால் அதில் சவர்க்காரம்போல வழுக்கும். பழைய செருப்பை வெட்டி அடித்த ஏணிகளும் வருகின்றன. செருப்பு ரப்பர் மெத்து, இரண்டு மாதத்தில் பிய்ந்துவிடும். காலுக்குச் சரியான ரப்பர் ஹாட்வெயார் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்து, அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பேரம் பேசுங்கள். இருக்கும் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். கல்லாகிப்போயிருந்தால் இல்லாததற்குச் சமம்.

ஸ்டூலில் மலிவு மயக்கம் இன்னும் கூட. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூல் எங்கள் ஊர் வெயிலுக்குப் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். காலை லேசாக வெளியே இழுத்தால் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதா பாருங்கள். விழுந்தால் பூச்சட்டி வைக்க மட்டும் ஆகும். மடிக்கும் படி ஸ்டூலில் விரித்தபின் பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காததை அம்மாவோ அம்மம்மாவோ ஏறும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குழாய் குழாயாக நீண்டு சுருங்கும் ஏணியைப் பாவித்ததாக வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அதன் உயிர் உள்ளே இருக்கும் சின்னப் பூட்டு ஊசிகளில் இருக்கிறது. மணல் நுழைந்தால் ஊசி பாதியில் நிற்கும், வெளியே பார்க்கப் பூட்டியது மாதிரியே தெரியும். கடற்கரை ஊரில் மணல் நுழையாத சாமான் எது?

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: வீதிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் கூரையோரம் தொங்கினால் அங்கே அலுமினிய ஏணியைச் சாத்தாதீர்கள். வீட்டுக்குள் வருவது 230 வோல்ட். நனைந்த மரமும் மின்னைக் கடத்தும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே சாத்திய ஏணியைக் கட்டாமல் ஏறுவதும் இதே ரகம்தான்.

பக்கச்சட்டத்தில் பாரம் எழுதிய ஸ்டிக்கர் இருந்தால் வாசியுங்கள். ஐரோப்பிய ஈஎன் 131 தரத்தில் செய்தவை 150 கிலோ தாங்கும். சில மலிவு ஏணிகளில் 90, 100 கிலோதான் எழுதியிருக்கும். அது உங்கள் எடை மட்டுமல்ல, பெயின்ட் வாளி, துளையிடும் மெஷின் எல்லாம் சேர்த்து. ஸ்டிக்கர் இல்லையென்றால் குறைந்த கணக்கையே எடுங்கள்.

எங்கே தேடுவது? பழைய இரும்புக் கடையை முதலில் நினைக்கிறோம். அங்கே வந்த ஏணியை யாரோ கிலோவுக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஏன் போட்டார் என்பதுதான் கேள்வி. இன்னொரு பிரயோசனம் உண்டு: பழைய அலுமினியம் கிலோ என்ன விலை என்று அங்கே கேட்டுவைத்தால், அதற்குக் கீழே யாரும் இறங்கமாட்டார் என்று பேரத்தின் அடிமட்டம் தெரியும். ஹாட்வெயார் கடையில் புதியதன் விலையையும் கேட்டுக்கொண்டு போங்கள். இந்த இரண்டும் தெரியாமல் பேரம் பேசினால், பாவித்த ஏணிக்குப் புதியதன் முக்கால் விலை கொடுத்துவிட்டு லாபம் என்று நினைத்துக்கொண்டு வருவோம். பாதிக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

நல்ல ஏணி கிடைப்பது இடமாற்றம் கிடைத்துப் போகும் ஆசிரியர், அரச உத்தியோகத்தர் வீடுகளிலும், வெளிநாடு போகும் குடும்பங்களிடமும். அவர்களுக்கு ஏணியைக் கொண்டுபோக முடியாது, அவசரமும் இருக்கும். கொந்தராத்துக்காரரிடம் வாங்கினால் பாவனை கடுமையாக இருந்திருக்கும், ஆனால் நல்ல தரத்தில் வாங்கியிருப்பார். மூட்டைப் பார்த்து முடிவெடுங்கள். ஐப்பசி பிறந்தால் பீலிக்கும் ஓட்டுக்கும் எல்லாரும் ஏணி தேடுவார்கள். வைகாசி, ஆனியில் வாங்குகிறவருக்குப் பேசுவதற்கு இடம் இருக்கும்.

இக்மன் விளம்பரத் தளத்திலும் முகநூலிலும் படம் பார்த்து, "வேறு ஆள் கேட்கிறார், அட்வான்ஸ் போடுங்கோ" என்றால் போடாதீர்கள். ஏணியைக் கையால் முறுக்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தூரத்தையும் கணக்குப் பாருங்கள். கிண்ணியாவில் ஒரு நானா நல்ல விலை சொன்னார். 2009இல் பாலம் திறக்குமுன் என்றால் பாதை எனும் மிதவைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டியிருந்திருக்கும், இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. ஆனாலும் சின்ன லொறிக்காரர் கேட்ட கூலியைக் கூட்டினால் நகரத்தில் கிடைத்த ஏணியே மலிவு. பழைய பழக்கம் ஒன்றும் இருக்கிறது: ஒழுங்கையில் நாலைந்து வீடு சேர்ந்து கூரைக்கு நல்ல நீள ஏணி ஒன்றைப் புதிதாகவே வாங்கிவைப்பது. வருடத்தில் இரண்டு நாள் தேவைப்படும் சாமானுக்கு அது மோசமில்லை.

வாங்கி வந்தபின் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, சுவரில் இரண்டு கொளுக்கி அடித்துப் படுக்கையாக மாட்டுங்கள், வெளியே சாத்தி வைக்க வேண்டாம். பழுதானதை இன்னொருவருக்குத் தள்ளிவிடவும் கூடாது. திருக்கடலூர் ஏணியை நான் வாளால் நடுவே அறுத்தேன். ஒரு பாதி கிலோ கணக்கில் போனது. மற்றப் பாதி கோடிப்புறத்தில் நிற்கிறது, பாகல்கொடி ஏறியிருக்கிறது.