அடிமைமுறை பற்றி விருந்தாளி எழுதிய குறிப்பைப் படிக்கும் முறை

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் வராந்தாவிலிருந்து பார்ப்பவருக்கு எதிர்ச்சரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசை அழகாகத் தெரியுமே தவிர, உள்ளே மழை ஒழுகுவது தெரியாது என்பதைக் கோத்தகிரியில் கூடிப் படிக்கும் எங்கள் குழுவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. (கூலித் தொழிலாளரையும் விலைக்கு விற்கப்பட்ட மனிதரையும் நான் ஒன்றாக்கவில்லை, பார்வை எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே சொல்கிறேன்.) ஆகவே, தொடக்ககால அமெரிக்காவின் அடிமைமுறையைப் பற்றி வெளிநாட்டார் எழுதியதைக் கையில் எடுத்தால், எழுதியவர் யார் வீட்டில் உண்டு உறங்கினார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

போலந்து எழுத்தாளர் ஜூலியன் நியெம்செவிச் 1798 ஜூனில் வர்ஜீனியாவின் மவுண்ட் வெர்னான் பண்ணையில், அதன் உரிமையாளரும் அமெரிக்காவின் முதல் அதிபராக இருந்தவருமான ஜார்ஜ் வாஷிங்டனின் விருந்தினராகத் தங்கினார். அங்கிருந்த அடிமைகளைப் பற்றி நியெம்செவிச் எழுதிய குறிப்பில் கண்ணால் கண்டது, காதால் கேட்டது, தாமே ஊகித்தது ஆகிய மூன்றையும் வெவ்வேறு நிற மையால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். கணவனும் மனைவியும் படுக்கும் மோசமான படுக்கை, தரையில் உறங்கும் பிள்ளைகள், அந்த வறுமைக்கு நடுவே சில கோப்பைகளும் ஒரு தேநீர்க் கெண்டியும், கோழி வளர்க்கலாம் ஆனால் வாத்தோ பன்றியோ கூடாது என்ற விதி ஆகியவை விலைமதிப்பற்ற விவரங்கள். அந்தக் குடிசைகள் தம் நாட்டு உழவரின் மிக இழிந்த குடிசைகளைவிடவும் கேடானவை என்கிறார். பண்ணையடிமை முறை நிலவிய போலந்தே அவர் கையிலிருந்த அளவுகோல் என்பதை ஓரத்தில் எழுதிவையுங்கள். வாஷிங்டன் தம் அடிமைகளை மற்ற வர்ஜீனியர்களைவிட இரக்கத்துடன் நடத்துகிறார் என்ற வரி விருந்தோம்பியவரைப் பற்றி விருந்தாளி தந்த சான்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமார் முப்பது பேர் ஓடி விளையாடியதைக் கண்டு, இவர்களுக்குச் சோகமே இல்லை என்று அவர் எண்ணுவது ஊகம்; அதுவும், என் பார்வையில், சோம்பலான ஊகம்.

அடுத்து, அதே இடத்துக்கு வந்த இன்னொருவரின் குறிப்பை அருகில் வையுங்கள். பின்னாளில் பிரான்சின் அரசரான லூயி பிலிப் 1797 ஏப்ரலில் அங்கே தங்கினார். வாஷிங்டனின் அடிமையாயிருந்த சமையற்காரர் ஹெர்குலிஸ் தப்பியோடி அப்போது இரு மாதங்கள்கூட ஆகவில்லை. தந்தையை இனிப் பார்க்க முடியாதே என்று வருந்துகிறாயா என ஹெர்குலிஸின் சிறு மகளிடம் லூயி பிலிப்பின் பணியாள் கேட்டான். அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார், அதனால் எனக்கு மகிழ்ச்சியே என்றாள் அவள். இந்தக் கேள்வியைக் கேட்டது விருந்தாளியல்ல, அவருடைய பணியாள் என்பதையும் அடிக்கோடிடுங்கள்.