போடியிலும் புற்றடியிலும் ஒரே டேட்டாபேஸ்: பிஹெச்பிமைஅட்மினைப் பூட்டி வைப்பது எப்படி

ஏலக்காய்க் கணக்கு ஒரே இடத்தில் இருக்காது. ஏலம் போடிநாயக்கனூரில் நடக்கிறது, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. லாட் எண், எடை, பாக்கி எல்லாம் வாடகை சர்வரில் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குள் இருக்கும். தப்பாக ஏறிய ஒரு எடையைத் திருத்த, கணக்குப்பிள்ளை பிஹெச்பிமைஅட்மினை, அதாவது பிரவுசரிலேயே டேட்டாபேஸைப் பார்த்துத் திருத்த உதவும் கருவியைத் திறப்பார். அவருக்கு எங்கிருந்தும் திறக்கிற கதவை ஊர் உலகமும் தட்டிப் பார்க்கும். அதைப் பூட்டும் முறை இது. சர்வரில் இருப்பது உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ், வெப் சர்வர் அப்பாச்சி என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

முதலில் வெப்பில் திறந்துதான் ஆக வேண்டுமா என்று பாருங்கள். பார்ப்பது ஒருவரோ இருவரோ என்றால் எஸ்எஸ்ஹெச் டனலே, அதாவது சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போடும் சுரங்கப் பாதையே போதும். லேப்டாப்பின் 8080ஆம் போர்ட்டை, எஸ்எஸ்ஹெச் கட்டளையில் பெரிய எல் சுவிட்ச் போட்டு, சர்வரின் 127.0.0.1 முகவரியில் (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) 80ஆம் போர்ட்டோடு இணைத்தால் போதும். சின்ன எல் போட்டால் அடுத்து வருவதைப் பயனர் பெயராக எடுத்துக்கொள்ளும். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பிஹெச்பிமைஅட்மினின் அப்பாச்சி கோப்பில் 'ரிக்வயர் லோக்கல்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வெளியாள் யாருக்கும் பக்கமே வராது. அத்தோடு வேலை முடிந்தது.

மூன்று நான்கு பேர், அதுவும் போனிலிருந்து என்றால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

டேட்டாபேஸின் 3306ஆம் போர்ட்டை எக்காரணம் கொண்டும் வெளியே விடக்கூடாது. 'எஸ்எஸ் -டிஎல்என்பி' கட்டளையில் 3306க்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் சரி. 0.0.0.0 என்று இருந்தால் எல்லா முகவரியிலும் திறந்திருக்கிறது என்று அர்த்தம்; மரியாடிபி கோப்பில் பைண்ட்-அட்ரஸை மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஃபயர்வால். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் எஸ்எஸ்ஹெச்சை அனுமதித்த பிறகே எனேபிள் செய்ய வேண்டும்; வரிசை மாறினால் உங்களையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். அடுத்து 80, 443 இரண்டையும் திறங்கள். பிஹெச்பிமைஅட்மினை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: டாக்கர் திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யூவை மதிக்காது. 8080:80 என்று போடாமல் 127.0.0.1:8080:80 என்று போட்டு, முன்னால் அப்பாச்சியை நிறுத்துங்கள்.

ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழுக்கு, அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட். சப்டொமைனை சர்வர் ஐபியோடு இணைக்கும் ஏ ரெக்கார்டு போட்டு, சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் கருவியை அப்பாச்சி ப்ளகினோடு ஓட்டினால் 90 நாளுக்குச் சான்றிதழ் வரும். சர்ட்பாட் நாளுக்கு இரண்டு முறை பார்த்து, காலம் நெருங்கும்போது தானே புதுப்பிக்கும். அதற்கு 80ஆம் போர்ட் உலகத்துக்கே திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் சரிபார்க்கிறவர்கள் பல இடங்களிலிருந்து வந்து தட்டுவார்கள். பாதுகாப்பு என்று நினைத்து 80ஐ ஆபீஸ் ஐபிக்கு மட்டும் விட்டவர்களுக்கு மூன்று மாதம் எல்லாம் நன்றாக நடக்கும். பிறகு ஒரு ஏல நாள் காலையில் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். 'சர்ட்பாட் ரென்யூ --டிரை-ரன்' ஓட்டி இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இன்னொன்று: சான்றிதழ் வாங்கிய பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். யாருக்கும் தெரியாத சப்டொமைன் என்று ஒன்று கிடையாது.

உபுண்டு பேக்கேஜில் ஒரு வேண்டாத வசதி உண்டு. நிறுவும்போதே அந்த சர்வரில் உள்ள எல்லாத் தளங்களிலும் '/பிஹெச்பிமைஅட்மின்' பாதையைத் திறந்துவிடும். 'ஏ2டிஸ்கான்ஃப்' கொண்டு அதை நிறுத்தி, நீங்கள் ஒதுக்கிய சப்டொமைனின் 443 விஹோஸ்ட்டுக்குள் (அப்பாச்சியில் அந்தத் தளத்துக்கான அமைப்புக்குள்) மட்டும் இன்க்ளூட் செய்யுங்கள். பாதையின் பெயரை மாற்றுவது லாகில் குப்பையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

அதே விஹோஸ்ட்டில் டைரக்டரி பிளாக்குக்குள் பேசிக் ஆத், அதாவது அப்பாச்சியே கேட்கும் கடவுச்சொல்லைப் போடுங்கள். வாசலில் ஒரு பூட்டு, அறையில் ஒரு பூட்டு என்ற கணக்கு. பிஹெச்பிமைஅட்மினிலேயே ஓட்டை வந்தாலும் வெளிப் பூட்டைத் தாண்டாமல் அதைத் தொட முடியாது. கடவுச்சொல் கோப்பை 'ஹெச்டிபாஸ்டபிள்யூடி -பி -சி' கொண்டு, பெரிய பி போட்டு, வெப் ஃபோல்டருக்கு வெளியே உருவாக்குங்கள். இரண்டாவது ஆளைச் சேர்க்கும்போது '-சி' கூடவே கூடாது. போட்டால் முதல் ஆள் அழிந்துவிடுவார்.

உள்ளே டேட்டாபேஸின் முழு அதிகாரப் பயனரான ரூட்டாக நுழைய முயன்றால் 1698 பிழை வரும். ரூட் யுனிக்ஸ் சாக்கெட் வழியாக, அதாவது சர்வரின் ரூட் பயனராக இருந்தால் மட்டும் நுழையும்படி வைத்திருப்பதால் அப்படி. நெட்டில் தேடினால் ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தப் பிழை உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. கணக்குப்பிள்ளைக்குத் தனிப் பயனர், அந்த ஒரு டேட்டாபேஸில் மட்டும் செலக்ட், இன்சர்ட், அப்டேட் உரிமை. எடை திருத்துகிறவருக்கு டேபிளைத் தூக்கும் உரிமை எதற்கு? பிஹெச்பிமைஅட்மினின் கான்ஃபிக் கோப்பில் 'அலோரூட்' ஃபால்ஸ் ஆகவும், 'ஆத்_டைப்' குக்கி ஆகவும் இருக்கட்டும். 'ஆத்_டைப்' 'கான்ஃபிக்' என்று இருந்தால் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடும்.

ஐபியை வைத்துப் பூட்டச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். தமிழக-கேரள எல்லையில் அது சரிப்படாது. மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியைப் பல பேர் பகிர்கிறார்கள், அதுவும் நிலையாக இருப்பதில்லை. போடிமெட்டு ஏறி இறங்குவதற்குள் சிம் மாற்றுகிறவர்களும் உண்டு. ஆபீசில் நிலையான ஐபி வாங்கியிருந்தால் சரி. மற்றவர்களுக்கு வயர்கார்டு என்ற விபிஎன் போட்டுக் கொடுங்கள். நடுவில் ஐபி மாறினாலும் அது இணைப்பை விடாது. இதே காரணத்தால், தவறான கடவுச்சொல் அடிக்கும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடும்போதும் யோசியுங்கள். அதன் இயல்பான கணக்கு 10 நிமிடத்தில் 5 தவறு, 10 நிமிடத் தடை. பேசிக் ஆத் தவறுகளைக் கவனிக்கும் அப்பாச்சி-ஆத் ஜெயிலை (அதன் விதித் தொகுப்பை) நீங்கள்தான் இயக்க வேண்டும். தடையை ஒரு நாளாக நீட்டினால், யாரோ செய்த தவறுக்கு உங்கள் ஆளும் சேர்ந்து வெளியே நிற்பார்.

பழைய பேக்கப்பை ஏற்றும்போது பாதியில் நின்றால் பிஹெச்பியின் 2 எம்பி அப்லோட் வரம்பைப் பாருங்கள். அதை உயர்த்தினால் 8 எம்பியாக இருக்கும் போஸ்ட் வரம்பை அதற்கும் மேலே வையுங்கள். 50 எம்பிக்கு மேல் என்றால் கட்டளை வரியில் ஏற்றுவதே மேல். 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் சும்மா இருந்தால் பிஹெச்பிமைஅட்மின் உங்களை வெளியே தள்ளிவிடும். கடையில் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டருக்கு அதுவே நல்லது, நீட்டாதீர்கள்.

சோதனையை வைஃபையை அணைத்து, போன் டேட்டாவில் செய்யுங்கள். ஹெச்டிடிபி என்று அடித்தால் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் போக வேண்டும். கடவுச்சொல் தராமல் ரத்து செய்தால் 401 வர வேண்டும். சப்டொமைனுக்குப் பதிலாக சர்வர் ஐபியையும் பிஹெச்பிமைஅட்மின் பாதையையும் நேரடியாக அடித்துப் பாருங்கள். 404 வராமல் லாகின் பக்கம் வந்தால், அந்த 'ஏ2டிஸ்கான்ஃப்'புக்குப் பிறகு அப்பாச்சியை ரீலோட் செய்ய மறந்திருக்கிறீர்கள்.