ஃபேஸ்லிஃப்ட் செய்யப் போகிறீர்களா? முதலில் கழுத்தைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் அக்காவுக்கு 56 வயது. சர்க்கரை வந்து ஒரேயடியாக இளைத்த பிறகு, தாடை ஓரத்தில் சதை தொங்கி, கழுத்தில் இரண்டு கயிறு இழுத்துக் கட்டியது போல ஆகிவிட்டது. "பார்க்கிறவங்க எல்லாம் உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க, அதுதான் தாங்கல" என்றாள். தொங்கிய முகத்தைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவைக்காக டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள், துணைக்கு நான் போனேன். முதலில் போன இடத்தில் ஐந்தே நிமிஷத்தில், சின்ன வெட்டோடு செய்யும் மினி லிஃப்ட், ஒரு மணி நேர வேலை, சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டார்கள். அவள் சொல்லி அழுததே கழுத்தைப் பற்றித்தான், அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வேறு ஒருவரிடம் போனபோதுதான் மினி லிஃப்டால் அந்தக் கழுத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தது. அந்த முன்பணம் போனது போனதுதான். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அறுவையின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், உங்கள் முகத்திலிருந்து ஆரம்பியுங்கள். பகல் வெளிச்சத்தில் திண்ணையிலோ வாசலிலோ உட்கார்ந்து கண்ணாடியை நேராகப் பிடித்துப் பாருங்கள், பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டு அதே கண்ணாடியில் பாருங்கள். படுத்தவுடன் எது சரியாகிவிடுகிறதோ அது தொங்கலால் வந்தது, அதைத்தான் ஃபேஸ்லிஃப்ட் சரி செய்யும். படுத்தாலும் குழியாகவே இருக்கிற கன்னம் கொழுப்பு குறைந்ததால் வந்தது, அதை எவ்வளவு இழுத்தாலும் நிரம்பாது. வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பு எடுத்துக் கன்னத்தில் வைப்பது தனி வேலை. கடைவாய்ப் பற்கள் விழுந்து கன்னம் உள்ளே போயிருந்தால் முதலில் பல் டாக்டரிடம் போங்கள். கண்ணுக்குக் கீழே பை, மேல் இமைத் தொங்கல், நெற்றிச் சுருக்கம் எல்லாம் ஃபேஸ்லிஃப்டில் அடங்காது, அவற்றுக்கு வேறு அறுவை.

இப்போது வகைகள். முகத்தில் தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசையோடு சேர்ந்த மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. இந்தச் சவ்வுக்கு ஸ்மாஸ் என்று பெயர், 1976இல் பிரான்ஸில் இரண்டு டாக்டர்கள் விவரித்து எழுதினார்கள். அதற்கு முன்னால் தோலை மட்டும் இழுத்து வெட்டித் தைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். தோல் ரப்பர் மாதிரி, இழுத்தால் மறுபடி தளர்ந்துவிடும், அதோடு பாரம் முழுக்கத் தையலில் விழுவதால் தழும்பு அகலமாகும், காது மடலும் கீழே இழுபட்டுப் போகும். எனவே "தோல் மட்டும்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்மாஸை மடித்துத் தைப்பது, அல்லது ஒரு கீற்றை வெட்டியெடுத்து இணைப்பது, இதுதான் இன்றைக்குப் பரவலாகச் செய்யப்படும் ஃபேஸ்லிஃப்ட். பாரத்தைச் சவ்வு தாங்கும், தோலை இழுக்காமல் மேலே போர்த்தினால் போதும். தாடை ஓரமும் கழுத்தும் சேர்ந்து தளர்ந்தவர்களுக்கு நல்லது. டீப் பிளேன் என்பது 1990இல் அமெரிக்காவில் ஹாம்ரா என்ற டாக்டர் எழுதிய முறை: சவ்வுக்குக் கீழே போய், முகத்தை எலும்போடு பிடித்திருக்கும் தசைநார்களை விடுவித்து, தோலையும் சவ்வையும் ஒன்றாகவே மேலே நகர்த்துவது. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் ஆழமான மடிப்பும் கன்னத் தொங்கலும் அதிகமாக இருப்பவர்களுக்கு இது பலன் தரும், ஆனால் முகத்தை அசைக்கும் நரம்புக்குப் பக்கத்திலேயே வேலை நடப்பதால் இதிலேயே பழகிய கை வேண்டும். டீப் பிளேன்தான் உசத்தி, மற்றது எல்லாம் பழசு என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை, நல்ல கையில் ஸ்மாஸ் முறையும் பத்து வருஷத்துக்குப் பக்கமாக நிற்கும்.

மினி லிஃப்ட் என்பது காதுக்கு முன்னால் சின்ன வெட்டு. நாற்பதுகளில், தாடை ஓரம் லேசாகத் தளர ஆரம்பித்து, கழுத்து நன்றாக இருப்பவர்களுக்குப் பொருந்தும். கழுத்தில் கயிறு போல எழும்புவதை நாம் நரம்பு என்கிறோம், உண்மையில் அது தசை, முகவாய்க்கட்டைக்குக் கீழே சின்னதாக வெட்டி நடுவில் சேர்த்துத் தைத்தால்தான் படியும். அக்காவுக்குக் கடைசியில் நடந்தது ஸ்மாஸ் லிஃப்டும் இந்தக் கழுத்து வேலையும்தான். நூல் போடுகிறோம் என்று சொல்லும் த்ரெட் லிஃப்டில் நூல் சில மாதங்களில் கரைந்துவிடும், பலனும் ஒரு வருஷம் அளவுக்குத்தான். கல்யாண வீட்டுக்காக வேண்டுமானால் சரி, ஃபேஸ்லிஃப்டுக்கு மாற்று என்று நினைத்துப் பணம் போடாதீர்கள்.

தழும்பைப் பற்றி நம் பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டும். தலையை வாரி இழுத்துக் கொண்டை போட்டுப் பூ வைக்கிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் இருக்கும் கோடு அப்படியே தெரியும். வெட்டு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று உங்கள் முகத்திலேயே பேனாவால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். நம் நிறத்துத் தோலில் தழும்பு கறுக்கும், சிலருக்கு மேடாக வளரும். காது குத்திய இடத்தில் எப்போதாவது தடித்து வளர்ந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆண்கள், தாடி வளரும் தோல் நகர்ந்து காதுப் பக்கம் வரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் புகையிலை. சிகரெட்டைக் கேட்கிற டாக்டர்கள்கூடச் சிலசமயம் வெற்றிலையைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். நம் பக்கம் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதிலும் நிக்கோட்டின்தான், ரத்தக் குழாயைச் சுருக்கி, இழுத்துத் தைத்த தோலைக் கறுத்துச் செத்துப்போக வைத்துவிடும். முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம் தொடவே கூடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் சொல்லிவிடுங்கள், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

டாக்டர் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டி.ஆர்.என்.பி.) பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள், இந்த மாதிரி அறுவை அவர் எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சென்னையில் செய்துகொண்டு மறுநாள் ராத்திரியே மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி வந்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது, பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகி வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தையல் பிரிக்கிற வரைக்கும், ஒரு வாரம் பத்து நாள், டாக்டர் இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். நாங்கள் திருச்சியைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான், கார் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம்.

செலவைக் கேட்கும்போது மயக்க மருந்து டாக்டர், அறை வாடகை, 18% ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். அழகுக்காகச் செய்வதற்குப் பொதுவாகக் காப்பீடு கிடைக்காது.

காலத்தையும் பாருங்கள். கத்திரி வெயிலில் கட்டோடு இருப்பது கொடுமை, வெயில் பட்டால் தழும்பும் கறுக்கும். வயல் வேலை இருப்பவர்கள் வழக்கமாக ஜூன் 12இல் நடக்கும் மேட்டூர் அணை திறப்புக்குப் பிறகு வரும் நடவு நாட்களையும் அறுவடையையும் விட்டுவிடுங்கள். நாலைந்து வாரம் குனிந்து நிமிரக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்க வேண்டும். அக்கா சம்பா அறுப்பு முடிந்து மாசியில் போனாள். இரண்டு வாரத்தில் வீக்கமும் கருநீலமும் பெரும்பாலும் வடிந்துவிட்டன, காதோரம் மரத்துப் போனது மட்டும் ஆடி வரைக்கும் இருந்தது, தோடு மாட்டும்போது கை பட்டால்கூட அவளுக்குத் தெரியாது.