ஆற்று நீரில் தாலேட்டும் பிஸ்பீனாலும் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டையும், பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பீனால் ஏ-வையும் அளக்க, குமரி மாவட்டத்தில் குழித்துறையிலோ பழையாற்றங்கரையிலோ நீர் மொண்டு வந்து மின்வேதிச் சென்சாரில் வைக்கும் புதியவர்கள் வருடாவருடம் அதே இடங்களில்தான் தடுக்குகிறார்கள். எலக்ட்ரோடைத் தேய்க்காதது, பிஎச் பார்க்காதது எல்லாம் முதல் வாரத்திலேயே சரியாகிவிடும். சரியாகாதவை இவை.

வெற்று மாதிரி இல்லாமல் ஆற்றைக் குற்றம் சொல்வது

நீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்க எல்லோருக்கும் தெரியும். அந்தப் புட்டியைக் கடைசியாக அலசிய அசிட்டோன் எதிலிருந்து வந்தது? பிளாஸ்டிக் வாஷ் பாட்டிலிலிருந்து. பிளாஸ்டிக்கில் இருக்கும் தாலேட்டை அசிட்டோன் நன்றாகவே கரைத்து எடுக்கும். பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) கலக்கிய நீர் பல நாள் கேனில் நின்றது. கையில் வினைல் உறை, பம்பில் பிவிசி குழாய். குடிநீரில் டிஇஎச்பி என்ற தாலேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது இவற்றில் ஒன்றே போதும், முடிவு பாழாக.

மேலே பேச்சிப்பாறை அணை நீரும், ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிமுக நீரும் ஒரே அளவு காட்டினால் முதல் சந்தேகம் ஆய்வகத்தின் மேல் வர வேண்டும். வருவதில்லை. அப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு ஆலை மேல் மனு எழுதக் கிளம்புகிறவர்கள் உண்டு. உண்மையான மாசு பற்றி நாளை யாராவது பேசினாலும் நம்ப ஆளிருக்காது.

புட்டியை 400 டிகிரியில் 4 மணி நேரம் சுடுங்கள். வாயை, சுட்ட அலுமினியத் தாளால் மூடுங்கள். கரைப்பானைக் கண்ணாடியிலிருந்தே ஊற்றுங்கள். ஒரு புட்டியில் தூய நீர் நிரப்பி ஆற்றுக்குக் கொண்டுபோய், மாதிரி எடுக்கும் நேரம் முழுக்கத் திறந்து வைத்து, திரும்பி வந்து அதே வடிகட்டி, அதே பஃபர், அதே காத்திருப்பு என்று அளங்கள். இதுதான் வெற்று மாதிரி. இப்படி 7 வெற்று மாதிரிகளின் சராசரியோடு திட்ட விலக்கத்தின் 3 மடங்கைக் கூட்டுங்கள். ஆற்று நீர் அதைத் தாண்டவில்லையா? ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

சிக்னல் குறைந்தாலே தாலேட் என்பது

பிஸ்பீனால் ஏ, கார்பன் எலக்ட்ரோடில் நடுநிலை பிஎச்சில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உச்சம் தரும். தாலேட் அப்படித் தராது. அதனால்தான் தாலேட் வடிவக் குழிகள் கொண்ட அச்சுப் பாலிமரைப் பூசி, அந்தக் குழிகளைத் தாலேட் அடைக்கும்போது, கரைசலில் சேர்த்த பெர்ரிசயனைடு தரும் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறோம். களிமண்ணோ எண்ணெயோ படிந்தாலும் அது குறையும். குழியில்லாத அதே பாலிமர் பூசிய எலக்ட்ரோடையும் அதே நீரில் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது தாலேட் இல்லை.

கதம்பை (தேங்காய் மட்டை) ஊறிய நீர்

ஊறலில் இறங்கும் பாலிபீனால்கள் பிஸ்பீனாலின் உச்சத்துக்கு அருகிலேயே ஆக்சிஜனேற்றம் அடையும். தூய நீரில் போட்ட அளவுக்கோடு (எந்த அளவுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று காட்டும் கோடு) இங்கே செல்லாது. அதே ஆற்று நீரில் தெரிந்த அளவு பிஸ்பீனாலைப் படிப்படியாகச் சேர்த்து அளக்க வேண்டும். உச்சம் உயராமல் பக்கத்தில் இன்னொன்று முளைத்தால், முதலில் கண்டது வேறு பொருள்.

பொழிமுக உப்பு

குளோரைடு 10 மடங்கு மாறினால் அச்சடித்த வெள்ளி ரெஃபரன்ஸ் (மின்னழுத்தத்தை ஒப்பிட வைக்கும் எலக்ட்ரோடு) ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகரும். மாதிரியிலும் அளவுக்கோட்டிலும் உப்பைச் சமமாக்குங்கள்.

பிஸ்பீனாலுக்கு ஒரே எலக்ட்ரோடில் இரண்டாம் அளவீடு

வேண்டாம். முதல் அளவீட்டிலேயே படலம் படிந்துவிடும்.