பாத்ஃபைண்டரில் துப்பாக்கிக்காரன்: முதல் கன்ஸ்லிங்கரை உருவாக்குவது எப்படி?

டிராகனும் மந்திரவாதியும் உலவும் உலகத்தில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஆளுக்கொரு கேரக்டராகிப் பகடை உருட்டி ஆடும் பாத்ஃபைண்டர் என்ற கதை விளையாட்டைப் புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, வில்லாளியைப் போல விடாமல் சுட நினைக்கிறார்கள். மூன்றாவது சுற்றுக்குள் சலித்துப் போகிறது. சுட்டால் சேதம் குறைவு, பாதி நேரம் குண்டு போடுவதிலேயே போய்விடுகிறது.

இங்கே துப்பாக்கியைவிட இரண்டு விஷயங்களைச் சுற்றித்தான் கேரக்டரைக் கட்ட வேண்டும். ஒன்று, கிரிட், அதாவது இரட்டைச் சேதம் தரும் பலத்த அடி, விழும் வாய்ப்பைக் கூட்டுவது. இன்னொன்று, ரீலோட் செய்யும், அதாவது குண்டு போடும், ஆக்‌ஷனை வீணாக்காமல் இருப்பது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

விளையாட்டு, பைசோ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு. கன்ஸ்லிங்கர் (துப்பாக்கிக்காரன்) என்ற கிளாஸ், அதாவது கேரக்டரின் தொழில், 2021-இல் 'கன்ஸ் அண்ட் கியர்ஸ்' விதிநூலில் வந்தது. நூலை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் விதிகள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதலில் ஜி.எம்-மிடம் கேளுங்கள்

துப்பாக்கிகள் இந்த விளையாட்டில் 'அன்காமன்' வகை. அதாவது விளையாட்டை நடத்தும் கேம் மாஸ்டர் (ஜி.எம்) சரி என்றால்தான் உண்டு. கேரக்டரை முழுதாக எழுதி முடித்துவிட்டுப் போய்க் கேட்பதைவிட, முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அவர் தயங்கினால் ஆல்கன்ஸ்டாரைச் சொல்லிப் பாருங்கள். நெக்ஸ், கெப் என்ற இரண்டு மாபெரும் மந்திரவாதிகளின் போரில் பாழாகி, மந்திரம் ஒழுங்காக வேலை செய்யாத நிலமாகிப்போன மனா வேஸ்ட்ஸில் இருக்கும் நகரம் அது. மந்திரத்தை நம்ப முடியாத ஊரில் மக்கள் வெடிமருந்தை நம்பினார்கள். 'என் ஆள் அந்த ஊர்க்காரன்' என்றால் துப்பாக்கிக்கும் காரணம் கிடைத்துவிடும், பின்கதைக்கும் ஆரம்பம் கிடைத்துவிடும்.

அப்படியும் வேண்டாம் என்றாரா? கவலை இல்லை. கன்ஸ்லிங்கருக்குக் கிராஸ்போவிலும் அதே தேர்ச்சி உண்டு. ஆயுதத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு: கிரிட் ஏன் எல்லாமும்?

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தாக்கும்போது 20 முகப் பகடையை உருட்டி, உங்கள் போனஸைக் கூட்டி, எதிரியின் ஏசி எண்ணோடு (அவனை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) ஒப்பிடுகிறோம். ஏசியைத் தொட்டால் அடி விழும். ஏசியைவிட 10 அல்லது அதற்கு மேல் கூடுதலாக வந்தால் கிரிட், அதாவது இரட்டைச் சேதம்.

முதல் லெவலிலேயே கன்ஸ்லிங்கருக்குத் துப்பாக்கியில் 'எக்ஸ்பெர்ட்' தேர்ச்சி. மற்ற பல போர் வீரர்கள் அப்போது 'டிரெயின்ட்' அளவில்தான் இருப்பார்கள். எக்ஸ்பெர்ட்டுக்கு 4, லெவலுக்கு 1, டெக்ஸ்டெரிட்டிக்கு (லாவகம்) 4. மொத்தம் +9. மற்றவருக்கு +7. வித்தியாசம் வெறும் 2 தானே என்று தோன்றும். ஏசி 15 உள்ள எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். +7 உள்ளவருக்குக் கிரிட் விழப் பகடையில் 18 வேண்டும், 15 சதவீத வாய்ப்பு. உங்களுக்கு 16 போதும், 25 சதவீதம். எதிரி 'ஆஃப்-கார்ட்' நிலையில், அதாவது தற்காப்பு தளர்ந்து, இருந்தால் அவன் ஏசி 2 குறையும். அப்போது 14 போதும், 35 சதவீதம்.

இனி துப்பாக்கியின் பக்கம். பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு 'ஃபேட்டல்' என்ற பண்பு உண்டு. கிரிட் விழுந்தால் சேதப் பகடையே பெரிதாகிவிடும், அதே அளவில் இன்னொரு பகடையும் சேரும். ஆர்க்கிபஸ் என்ற நீளத் துப்பாக்கி சாதாரணமாக டி8, அதாவது 8 முகப் பகடை. அதோடு அதன் 'கிக்பேக்' (உதைப்பு) பண்புக்கு 1, கன்ஸ்லிங்கர் கிளாஸ் தரும் 1. சராசரி 6.5. கிரிட் ஆனால் பகடை டி12 ஆகிறது, இரட்டிப்பாகிறது, மேலே ஒரு டி12. சராசரி 23.5. முதல் லெவலில் பல எதிரிகள் இந்த ஒரே அடியில் விழுந்துவிடுவார்கள். ஒன்றும் இரண்டுமாக ஓடிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று சிக்ஸர் அடிக்கும் பேட்ஸ்மேன்தான் நம் ஆள்.

வழியைத் தேர்ந்தெடுங்கள்

கன்ஸ்லிங்கருக்குள் பல 'வே'க்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு தனி ரீலோட் உத்தியைத் தரும், ஒரே ஆக்‌ஷனில் குண்டும் போட்டு வேறு வேலையும் செய்வதற்கு. ஒரு சுற்றில் மூன்று ஆக்‌ஷன்தான் என்பதால் இதன் மதிப்பு பெரிது.

டிரிஃப்டர் ஒரு கையில் கத்தி, மறு கையில் பிஸ்டல் என்று ஆடுகிறவன். சாதாரணமாக ரீலோட் செய்ய ஒரு கை காலியாக இருக்க வேண்டும். புதியவர்கள் மறக்கும் விதி இது. டிரிஃப்டர் மட்டும் கத்தியால் வெட்டிக்கொண்டே, காலிக் கை இல்லாமலே குண்டு போடுவான். வேன்கார்ட் எதிரியைத் தள்ளிவிட்டு ரீலோட் செய்கிறவன். பிஸ்டலீரோ ரீலோட் செய்தபடியே மிரட்டுவான் அல்லது கவனத்தைத் திருப்புவான். மிரட்டல் பலித்தால் எதிரியின் ஏசி 1 குறையும், அதாவது கிரிட் வாய்ப்பு கூடும்.

ஸ்னைப்பர்தான் இன்று நாம் எழுதப்போவது. மறைவில் பதுங்கிக்கொண்டே ரீலோட் செய்யும் 'கவர்ட் ரீலோட்' இவனுடையது. சண்டை தொடங்கும்போது யார் முதலில் ஆடுவது என்று பார்க்க ஸ்டெல்த்தை (பதுங்கும் திறன்) உருட்டினால், முதல் சுற்றில் முதல் குண்டுக்குக் கூடுதலாக ஒரு டி6. ஒரு நிபந்தனை: உங்கள் ஜி.எம் தூண், மரம், பெட்டி எல்லாம் போட்டு வரைபடம் வைத்து ஆடுகிறவராக இருக்க வேண்டும். வரைபடமே இல்லாமல் வாய்மொழியாக ஆடும் குழு என்றால் பிஸ்டலீரோவை எடுங்கள். ஒவ்வொரு சுற்றும் 'எனக்கு மறைவு உண்டா?' என்று கேட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்கும் எரிச்சல்.

எண்களை நிரப்புவது

இனம் மனிதன். இரண்டு பூஸ்ட்களை (ஒவ்வொன்றும் ஓர் இயல்பை 1 கூட்டும்) விரும்பிய இடத்தில் போடலாம். டெக்ஸ்டெரிட்டிக்கு ஒன்று, ஸ்ட்ரெங்த்துக்கு (வலிமை) ஒன்று.

பின்னணி வேட்டைக்காரன், விதிநூலில் 'ஹன்டர்'. டெக்ஸ்டெரிட்டிக்கு ஒன்று, விஸ்டமுக்கு (கூர்மதி) ஒன்று. கிளாஸ் டெக்ஸ்டெரிட்டிக்கு ஒன்று தருகிறது. கடைசியாக நான்கு தனி பூஸ்ட்கள்: டெக்ஸ்டெரிட்டி, ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), விஸ்டம்.

கூட்டிப் பார்த்தால் டெக்ஸ்டெரிட்டி +4, ஸ்ட்ரெங்த் +2, விஸ்டம் +2, கான்ஸ்டிட்யூஷன் +1. மற்றவை 0.

தூர நின்று சுடுகிறவனுக்கு ஸ்ட்ரெங்த் எதற்கு என்று கேட்பீர்கள். ஆர்க்கிபஸின் கிக்பேக்தான் காரணம். அதன் உதைப்பு தாங்காதவர்களுக்குத் தாக்குதலில் 2 குறையும். ஸ்ட்ரெங்த் +2 இருந்தால் குறையாது. பழைய அச்சுகளில் இதை 'ஸ்ட்ரெங்த் 14' என்று பார்ப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். மேலே பார்த்த கிரிட் கணக்கில் 2 என்பது எவ்வளவு பெரிது என்று இப்போது தெரியும். ஸ்ட்ரெங்த்துக்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் ஆர்க்கிபஸையே விட்டுவிடுங்கள். டூயலிங் பிஸ்டல் நல்ல ஆயுதம்: டி6, கிரிட்டில் டி10, 60 அடி வீச்சு, ஒரு கையில் அடங்கும்.

உயிர்ப் புள்ளிகள்: மனிதனுக்கு 8, கிளாஸுக்கு 8, கான்ஸ்டிட்யூஷனுக்கு 1. மொத்தம் 17. 'வெர்சடைல்' மரபை எடுத்து அதில் 'டஃப்னஸ்' ஃபீட்டை (கூடுதல் திறமை) போட்டால் 18, அதன்பின் லெவலுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். தோல் கவசம் அணிந்தால் ஏசி 18. முதல் லெவலுக்கு இது தாராளம்.

திறன்களில் ஸ்டெல்த் ஸ்னைப்பருக்குத் தானாக வரும். கூட மூன்று. நான் கிராஃப்டிங், மெடிசின், அக்ரோபாட்டிக்ஸ் எடுப்பேன். உங்கள் பார்ட்டியில் வேறு யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் லெவல் கிளாஸ் ஃபீட்டில் ஸ்னைப்பருக்கென்று கட்டாயமானது எதுவும் இல்லை. 'ஹிட் த டர்ட்' எடுக்கலாம். யாராவது தூரத்திலிருந்து உங்களைத் தாக்கினால் பாய்ந்து விழுந்து ஏசியை 2 கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தரையில் கிடப்பீர்கள். அடுத்த சுற்றில் எழுந்திருக்க ஓர் ஆக்‌ஷன் போகும். குண்டுகளை நீங்களே செய்துகொள்ளும் 'மியூனிஷன்ஸ் கிராஃப்டர்' ஆசை காட்டும், ஆனால் அதில் கணக்கு வழக்கு அதிகம். முதல் கேரக்டருக்கு வேண்டாம்.

சாமான்கள்

கையில் 15 தங்கம். ஆர்க்கிபஸ், தோல் கவசம், போதுமான குண்டுகள், ஒரு குத்துவாள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

துப்பாக்கியைத் தினமும் சுத்தம் செய்ததாக ஜி.எம்-மிடம் ஒரு தடவை சொல்லி, அதை வழக்கமாக்கிவிடுங்கள். சுத்தம் செய்யாத துப்பாக்கியால் சுடும்போதெல்லாம் முதலில் பகடையில் 5 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். விழாவிட்டால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும், அந்தத் தாக்குதல் படுதோல்வி, சிக்கலை எடுக்க இன்னோர் ஆக்‌ஷன்.

முதல் சண்டை

குண்டு போட்ட துப்பாக்கியோடு, ஸ்டெல்த் உருட்டித் தொடங்குகிறீர்கள். முதல் ஆக்‌ஷன் சுடுவது, டி6 கூடுதலோடு. இரண்டாவது கவர்ட் ரீலோட். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே குண்டு போடுகிறீர்கள். ஸ்டெல்த் +7 என்பதால், எதிரியின் பெர்செப்ஷன் டிசி (அவன் கண்ணில் படாமலிருக்க நீங்கள் தொட வேண்டிய எண்) 16 என்றால் பகடையில் 9 போதும்.

மூன்றாவது ஆக்‌ஷனில் மறுபடி சுடலாமா? விதி தடுக்காது. ஆனால் ஒரே சுற்றில் இரண்டாவது தாக்குதலுக்கு 5 கழியும். ஏசி 15-க்கு எதிராக +4 வைத்துக்கொண்டு சுட்டால் கிரிட் விழுவது அரிது. அதோடு மறைவும் போய்விடும், துப்பாக்கியும் காலி. அதற்குப் பதில் அந்த ஆக்‌ஷனில் எதிரியைப் பற்றி என்ன தெரியும் என்று உருட்டிப் பாருங்கள். வேறு மறைவு தேவைப்படும் என்று ரீலோடுக்கு முன்னாலேயே தெரிந்தால், அதை நல்ல மறைவுக்கு நகரப் பயன்படுத்துங்கள்.

ஒளிந்த இடத்திலிருந்து அடுத்த சுற்றில் சுடும்போது எதிரி ஆஃப்-கார்ட். மேலே சொன்ன 35 சதவீதம் இங்கேதான் வருகிறது. சுட்டதும் இடம் தெரிந்துவிடும், மறுபடி கவர்ட் ரீலோட்.

எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் அவசரப்படாதீர்கள். அவனுக்கு 'ரியாக்டிவ் ஸ்டிரைக்' இருந்தால், நீங்கள் சுட்டாலும் ரீலோட் செய்தாலும் அவனுக்கு ஓர் இலவச அடி. ஓரடி எடுத்துவைக்கும் 'ஸ்டெப்' ஆக்‌ஷன் அந்த அடியைத் தூண்டாது. முதலில் விலகுங்கள், அப்புறம் துப்பாக்கியைத் தொடுங்கள்.

5-ஆம் லெவல் வரை

2-ஆம் லெவலில் 'ரிஸ்கி ரீலோட்' வரும். ஒரே ஆக்‌ஷனில் குண்டு போட்டுச் சுடலாம், குறி தவறினால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். எதிரி ஆஃப்-கார்டாக இருக்கும்போது, சுற்றின் முதல் தாக்குதலாக மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். 4-இல் 'ரன்னிங் ரீலோட்', நகர்ந்துகொண்டே குண்டு போட. வரைபடம் பெரிதாக இருக்கும் குழுக்களில் இது இல்லாமல் ஆடுவது சிரமம்.

பணம் சேர்ந்தால் முதலில் +1 வெப்பன் பொட்டன்சி ரூன் (ஆயுதத்தில் பொறிக்கும் மந்திரக் குறி), 35 தங்கம். அடுத்து ஸ்டிரைக்கிங் ரூன், 65 தங்கம். அது ஆர்க்கிபஸை 2டி8 ஆக்கும். 5-ஆம் லெவலில் துப்பாக்கித் தேர்ச்சி 'மாஸ்டர்' ஆகும். அன்றிலிருந்து உங்கள் கிரிட் வாங்குகிற ஒவ்வோர் எதிரியும் ஃபார்ட்டிட்யூட் (உடல் தாங்குதிறன்) உருட்ட வேண்டும், தோற்றால் அவனுக்கு ஓர் ஆக்‌ஷன் போச்சு. ஜி.எம் மறந்துவிடுவார், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.